மலைமிதிவண்டி வாங்குவதற்கு முன்

நடப்பதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை, மிதிவண்டி ஓட்டலாமா என்று எங்கள் இதயப் புறநோயாளிப் பிரிவில் கேட்போர் பலர். பெரும்பாலோருக்கு ஓட்டலாம் என்றே விடை சொல்கிறோம். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை எட்ட அது நல்ல வழி. அடுத்து வரும் கேள்விதான் எங்களைத் திணறச் செய்வது: 'எந்த வண்டி வாங்கலாம், டாக்டர்?' மருத்துவப் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. ஆயினும் மாத்திரைச் செலவுக்கே கணக்குப் பார்க்கும் குடும்பம் 20,000 ரூபாயை எடுத்து வைக்கும்போது, கடைக்காரரைக் கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்வது முறையன்று எனக் கருதுகிறோம். எந்த நிறுவனத்தின் பெயரையும் நாங்கள் பரிந்துரைக்கப் போவதில்லை. பணம் எதற்குக் கொடுக்கத் தகும், எதற்குத் தகாது என்பதே எங்கள் பேச்சு.

இவ்விலையில் கடைகளில் முன்னே நிற்பது 'ஹார்டுடெயில்' எனப்படும் மலைமிதிவண்டி. முன்சக்கரத்தில் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கும். பின்புறம் கெட்டியான சட்டம். அதே விலைக்கு, சில வேளை அதற்கும் குறைவாக, பின்னாலும் ஸ்பிரிங் வைத்த வண்டியைக் காட்டுவார்கள். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், வாங்க வேண்டாம். எடை கூடுகிறது; ஒவ்வொரு மிதியிலும் உங்கள் உழைப்பில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது. முன்புற ஸ்பிரிங்கும் இந்த விலையில் பெரும்பாலும் கனமான இரும்புச் சுருளே. தார்ச்சாலையில் ஓட்டுவோர், அதை அசையாமல் பூட்டும் 'லாக்-அவுட்' வசதி உள்ளதா என்று பார்க்கவேண்டும். அதே விலையில் ஸ்பிரிங் அற்ற முன்கவையுடன் நல்ல வண்டி கிடைத்தால் எங்கள் வாக்கு அதற்குத்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் பழைய வண்டிகளில், சஸ்பென்ஷன் எதுவும் இல்லாமல்தான் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவலியாக இருந்தது பிரேக்! ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் ஆவியாகி, மறுபடி அடைக்க வேண்டியிருந்ததாம்.

நாமும் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் மலிவு. தெருமுனை சைக்கிள் கடையிலேயே சரிசெய்யலாம். எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு விலை கூடுதல், பழுது பார்க்கத் தேர்ந்த ஆள் தேவை. ஆனால் ஒரு விரலால் இழுத்தாலே வண்டி நிற்கும். நீண்டகால நீரிழிவால் கை மரத்தவர்களும் விரல்மூட்டு வலி உள்ளவர்களும் கியர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாவது இதற்குச் செலவிடுவது நல்லது. கியர் 21 இருக்கிறது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்காமல் மிதிக்க மிக இலகுவான ஒரு கியர் இருந்தால் போதும்.

காசு கொடுக்காமல் கிடைப்பதும் பலர் கேட்காமல் விடுவதும் ஒன்று உண்டு. அதுதான் சட்டத்தின் அளவு. இருப்பில் இருக்கும் அளவையே கடைக்காரர் பொருத்தமானது என்பார். வண்டியின் நடுக்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நின்று பாருங்கள். உடலுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். அதுவே இருக்கையின் உயரம். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் சிப்பியின் பின்னே அழுத்தம் ஏறும். வலிக்கு மாற்றாக வாங்கிய வண்டியே வலியைத் தரும். பின்னாலிருந்து காலைத் தூக்கிப்போட முடியாத மூத்தோருக்கு, குழாய் தாழ்ந்த 'லேடீஸ் சைக்கிள்' மலைமிதிவண்டியைவிட எவ்வளவோ மேல். ஆண்கள் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிவைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் சுளிப்பை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

மொத்தப் பணத்தையும் வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். தலைக்கவசம், முன்பின் விளக்குகள், காற்றடிக்கும் பம்பு, மட்கார்டு ஆகியவற்றுக்கு 3,000 ரூபாயாவது ஒதுக்குங்கள். மிதிவண்டிக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. தலைக்கவசத்தின் விலை அதிலேயே வந்துவிடும். ஸ்டென்டு வைத்து, இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவருக்குத் தலைக்கவசம் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. சாதாரணமாகத் தோன்றும் தலைக்காயமும் அவருக்கு உள்ளே கசியக்கூடும்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஒரு சொல். மார்பெலும்பு வலுப்பெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். கைப்பிடியில் சாய்ந்து குழிகளில் அதிர்வதை அது அதுவரை தாங்காது. அறுவை மருத்துவர் இசைவு தரும் வரை மறுவாழ்வுக் கூடத்து நிலைவண்டியே உங்கள் வண்டி. மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பை ஏறவிடா. ஆதலால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பவேண்டாம். ஓட்டும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இன்றிப் புறப்படலாகாது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே இறங்கிவிடுங்கள். ஓய்வெடுத்தும் இறுக்கம் நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

இவ்வளவு படித்தபின்பும் கடைக்குக் கிளம்புமுன் மாடிப்படியின் கீழே ஒருமுறை பாருங்கள். அப்பாவின் பழைய கறுப்பு வண்டி அங்கே தூசி படிந்து நிற்கலாம். சட்டத்தில் விரிசலோ, வெல்டு இணைப்புகளில் துரு அரிப்போ இல்லையென்றால், புது டயரும் டியூபும் பிரேக் கட்டைகளும் சங்கிலியும் மாற்றி ஒரு மெக்கானிக் அதை ஓடவைத்துவிடுவார். தட்டையான ஊரில் காலை அரைமணி நேரத்திற்கு அது போதும். மூன்று மாதம் தவறாமல் ஓட்டியபின் புதியது வேண்டுமா என்று யோசிக்கலாம். அதற்குள் உங்கள் மறுபரிசோதனை நாளும் வந்துவிடும்.