கோணல் பெட்டியும் ஒரு பெட்டிதான்



நோன்பு மாதம் வந்துவிட்டால் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில்தான். சஹருக்கு எழுந்த அலுப்பில் காலை வேளை எப்படியோ தூக்கத்தில் போய்விடும். லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் நமக்குச் சோதனை. "உம்மா, இப்ப நான் என்ன செய்ற?" என்று ஒருவர் மாறி ஒருவர் அடுப்படிக்கு வந்து நிற்பார்கள். வெயிலில் ஓடி விளையாட விட்டால் நோன்பு பிடித்த பிள்ளை வாடிப் போகும். கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்தால் அஸர் வரை வீட்டில் சத்தம் இராது என்பது உண்மைதான். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் இந்த மாதம் சில கடதாசி வேலைகளை எழுதுகிறேன். இவற்றுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. போன வருடத்துக் கலண்டர், பழைய பத்திரிகை, எழுதி முடிந்த அப்பியாசக் கொப்பி, கோதுமை மா, ஈர்க்கு ஆகியவை போதும். நோன்பு விடுமுறைக்கு மட்டுமல்ல, ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கும் இவை பொருந்தும்.

செய்முறைக்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் இளைய மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து கலண்டர் தாளில் ஒரு பெட்டி செய்தாள். நான்கு மூலைகளும் நான்கு விதமாக இருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அவள் கைகழுவப் போன நேரம் பார்த்து, 'பாவம், பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறாள், அழகாக்கி வைப்போம்' என்று நான் அதைப் பிரித்துச் சீராக மடித்து மேசையில் வைத்தேன். பெருநாள் அன்று வந்தவர்களிடமெல்லாம் "இது மகள் செய்த பெட்டி" என்று காட்டினேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. இரவு கேட்டபோது சொன்னாள்: "அது நீங்க செஞ்ச பெட்டி உம்மா. என்ட பெட்டிய நீங்க பிரிச்சிட்டீங்களே."

அதன் பிறகு நெடுநாள் அவள் கடதாசியைத் தொடவே இல்லை. ஆகவே சகோதரிகளே, கீழே வரும் எல்லா வேலைகளுக்கும் முதல் விதி இதுதான்: காட்டிக் கொடுங்கள், பிறகு உங்கள் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்

கடதாசிகளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு தாளையும் ஒரு முறை பாருங்கள். நமது வீட்டுக் கலண்டர்களிலும் பத்திரிகைகளிலும் குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் திருநாமமோ அச்சாகியிருக்கலாம். அப்படிப்பட்டவற்றைக் கண்ணியமாக வேறாக எடுத்து வையுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தால் அவர்களும் அந்தப் பேணுதலைப் பழகிக்கொள்வார்கள்.

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். கையால் கிழிக்கட்டும். ஏழு வயதுக்கு மேல் முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுக்கலாம். பிளேட்டும் உடனே ஒட்டும் பசைகளும் எந்த வயதுக்கும் வேண்டாம். கடதாசிக் கூடு செய்து உள்ளே மெழுகுதிரி ஏற்றும் விளையாட்டை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

பசை

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். ஒரு கோப்பை தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை அதில் ஊற்றி, சிறு நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போலப் பளபளத்துத் தடித்ததும் இறக்கி ஆற விடுங்கள். அடுப்பு வேலை உங்களுடையது. கரைக்கும் வேலை பிள்ளையுடையது.

வெளியில் வைத்தால் அடுத்த நாளே புளித்துவிடும். குளிரூட்டியில் வைத்தால் சில நாட்களுக்குக் காணும். புத்தகம் கட்டுபவர்கள் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. தேவைக்கு அளவாகக் காய்ச்சி, மிஞ்சினால் கொட்டிவிடுவதே நல்லது.

சின்னவர்களுக்குக் கிழிக்கும் வேலை

ஒரு பத்திரிகைத் தாளைக் கொடுத்து, மேலிருந்து கீழாக ஒரு துண்டும், குறுக்காக ஒரு துண்டும் கிழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் கோடு போட்டது போல் நேராக வரும். மற்றப் பக்கம் கண்டபடி வளைந்து போகும். ஏன் என்று பிள்ளை கேட்கும். கடதாசி என்பது நுண்ணிய நார்களின் சேர்க்கை. ஆலையில் இயந்திரம் ஓடும் திசையிலேயே நார்கள் அதிகமாகப் படுத்துக்கொள்கின்றன. நார் போகும் வழியே கிழித்தால் நேராக வரும். நாரைக் குறுக்கறுத்தால் கோணும். வாழை மட்டையைக் கிழித்துக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

இப்படிக் கிழித்த பட்டிகளை வீணாக்காதீர்கள். அடுத்த வேலைக்கு அவைதான் தேவை.

கடதாசிக் கிண்ணம்

ஒரு சிறிய பிளாஸ்டிக் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, வெளிப்புறத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். முதல் படையைத் தண்ணீரில் நனைத்த பத்திரிகைத் துண்டுகளால் மூடுங்கள். இதற்குப் பசை வேண்டாம். பிறகு கழற்ற இலகுவாக இருக்கும். அதன்மேல் பசை தடவிய துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு படை போதும். வெயிலில் காயவைத்து, மறுநாள் அடுத்த இரண்டு படை. ஆறு, ஏழு படை ஆனதும் நன்றாகக் காயவிட்டு, மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். விளிம்பைக் கத்தரித்து, வெளியில் கலண்டர் துண்டுகளை ஒட்டினால் கிண்ணம் தயார்.

அவசரப்பட்டு எல்லாப் படைகளையும் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பொறுமை என்று ஒரு மணித்தியாலம் நாம் பிரசங்கம் செய்வதை இந்தக் கிண்ணம் நான்கு நாளில் சொல்லிக் கொடுத்துவிடும்.

இதில் சாவி, ஊசி நூல், சில்லறைக் காசு வைக்கலாம். உணவு வைக்க வேண்டாம். அச்சு மை எண்ணெய்ப் பலகாரத்தில் ஒட்டும்.

பெருநாள் பெட்டி

இது ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. கலண்டர் தாளில் ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சும் பகுதியை வெட்டிவிட்டால் சதுரம் கிடைக்கும். 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் செய்தால், அடிப்பக்கம் ஏறக்குறைய பத்தரை சென்ரிமீற்றரும் உயரம் ஐந்து சென்ரிமீற்றரும் உள்ள பெட்டி வரும். முதலில் பத்திரிகைத் தாளில் ஒன்று செய்து பழகட்டும்.

1. படம் மேசையைப் பார்க்கும்படி சதுரத்தை வையுங்கள். எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து மடித்து, பிரியுங்கள். மற்ற இரு மூலைகளையும் அவ்வாறே செய்யுங்கள். கோடுகள் சந்திக்கும் இடமே நடு.

2. நான்கு மூலைகளையும் அந்த நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். சிறிய சதுரம் ஒன்று வரும்.

3. அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுவில் சந்திக்க மடித்து, நகத்தால் அழுத்தி, பிரியுங்கள். இடது, வலது விளிம்புகளையும் அவ்வாறே மடித்துப் பிரியுங்கள்.

4. நடுவில் கூடியிருக்கும் நான்கு முக்கோணங்களில் மேலும் கீழும் உள்ள இரண்டை மட்டும் முழுதாக விரியுங்கள். இடது, வலது பக்கங்களை மடிப்புக் கோட்டில் நிமிர்த்துங்கள். இரண்டு சுவர் எழும்பிவிட்டது.

5. விரிந்து நிற்கும் மேல் முனையைத் தூக்குங்கள். இரு மூலைகளையும் விரலால் உட்பக்கம் தள்ளினால் மூன்றாவது சுவர் நிற்கும். முனையை அந்தச் சுவருக்கு மேலால் உள்ளே இறக்கினால், அதன் நுனி பெட்டியின் நடுவில் வந்து படியும். கீழ் முனையையும் அவ்வாறே செய்து, நுனிகளில் ஒரு துளி பசை வையுங்கள்.

உள்ளும் புறமும் படத்தோடு பெட்டி நிற்கும். மூடிக்கு ஒரு சென்ரிமீற்றர் பெரிய சதுரம் எடுத்து இதே முறையில் செய்யுங்கள். உள்ளே எண்ணெய்க் கடதாசி விரித்து நாலு துண்டு மஸ்கட்டோ தொதலோ வைத்தால், பெருநாளுக்கு அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

முதல் மடிப்பில் சிறிது தவறினாலும் கடைசியில் வாய் இழுத்துக்கொண்டு நிற்கும். அதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியே பிள்ளைக்குச் சொல்லும். இரண்டாவது பெட்டியில் முதல் மடிப்பை எவ்வளவு கவனமாக அழுத்துகிறது என்று பாருங்கள்.

பெருநாள் காசுக்கு உறை

கொப்பித் தாளில் 15 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி, ஒரு தடவை மடித்த ரூபாய்த் தாளை நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்து ஒட்டி, நான்காவதை மூடியாக விடுங்கள். வெளியே பென்சிலால் பெயர் எழுதட்டும். காசு வாங்கியே பழகிய பிள்ளை, உம்மம்மாவுக்கும் வீட்டில் வேலை செய்பவருக்கும் தன் கையால் ஓர் உறை கொடுக்கும் நாள் அதற்கு மறக்காது.

வேலையோடு பேச ஒரு கதை

கை வேலை செய்யும்போது பிள்ளைகளின் காது திறந்திருக்கும். அப்போது கடதாசியின் கதையைச் சொல்லுங்கள். கடதாசி சீனாவில் பிறந்தது. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து வழியாக முஸ்லிம்களின் கைக்கு வந்து, அந்த நூற்றாண்டு முடியுமுன் பக்தாத் நகரில் கடதாசி ஆலை எழுந்தது. கடையில் 'ஒரு ரீம்' என்று வாங்குகிறோமே, அந்த ரீம் என்ற சொல்லே கட்டு என்று பொருள்படும் 'ரிஸ்மா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டிலும் 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை அமைந்தது. நாம் மாட்டுக்குப் போடும் வைக்கோலிலிருந்து அங்கே கடதாசி செய்தார்கள். கடதாசி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் பிற்போடப்பட்டது. அன்று ஒரு கொப்பி வாங்கத் தாய்மார் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தை வீசாதே என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

கடைசியாக ஒரு வார்த்தை

பிள்ளை செய்த பொருளைப் பாராட்டிவிட்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிடாதீர்கள். அதற்கு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். வாப்பா வேலை முடிந்து வந்ததும் சாவியை அந்தக் கிண்ணத்தில் போடட்டும். நீங்கள் கழற்றும் ஊசிகளை அந்தப் பெட்டியில் வையுங்கள். 'என் பொருள் இந்த வீட்டுக்குத் தேவை' என்று பிள்ளை அறிவதற்கு ஈடாக எந்தப் புகழ்ச்சியும் இல்லை.

என் மகள் இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் மீண்டும் கலண்டர் தாளை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன். கை துறுதுறுத்தது. ஆனாலும் கொத்தமல்லியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பெட்டி முடிந்தது. அதுவும் கோணல்தான். என் கராம்பும் ஏலக்காயும் இன்றைக்கும் அதில்தான் இருக்கின்றன. மூடி ஒரு பக்கம் சரியாக மூடாது. வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் அவள் ஓடிவந்து சொல்வாள்: "அது நான் செஞ்சது."

பெருநாள் வரை நாட்கள் இருக்கின்றன, சகோதரிகளே. இன்றே கலண்டரை இறக்குங்கள். அடுத்த மாதம் வேறொரு வேலையோடு சந்திப்போம்.