சம்மர் கேம்ப்பில் நகை செய்யும் வகுப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் என்னென்ன?

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குரூப்களில் போஸ்டர்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ரோபோடிக்ஸ், செஸ், ஸ்கேட்டிங் என்று போகும் அந்தப் பட்டியலில் சில ஆண்டுகளாகவே தவறாமல் இடம்பிடிப்பது ‘ஜுவல்லரி மேக்கிங்’. சில்க் த்ரெட் வளையல், டெரகோட்டா கம்மல், குயிலிங் ஜிமிக்கி, பாசிமணி மாலை, ரெசின் டாலர். ‘5 வயது முதல் 15 வயது வரை, பொருட்கள் இலவசம், கடைசி நாளில் சான்றிதழ்’ என்று கீழே ஒரு வரி இருக்கும்.

அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் மே மாதம் பெரிய தலைவலி. பிள்ளை நாள் முழுக்க செல்போனோடு உட்கார்ந்திருப்பதற்கு நாலு மணி கோர்க்கட்டுமே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனா, அந்த வகுப்பு நடக்கிற இடத்துக்கு யார் பொறுப்பு, பிள்ளை கையில் கொடுக்கும் மணி எதனால் ஆனது, கொடுத்த பணத்துக்கு பிள்ளை உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறது? இந்த மூன்றையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேம்ப் நடத்த அனுமதி வேண்டாமா?

பள்ளிகளுக்குச் சட்டம் இருக்கிறது. கோச்சிங் சென்டர்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு கட்டாயம், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது, கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும், பாதியில் விலகினால் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

அப்போ சம்மர் கேம்ப்பும் அதில் வருமா? வராது. கோச்சிங் என்றால் என்ன என்று அந்த நெறிமுறை வரையறுக்கும் இடத்திலேயே விளையாட்டு, நடனம், நாடகம், பிற படைப்பாக்கச் செயல்பாடுகள் எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன. போதாக்குறைக்கு, 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் அது கோச்சிங். 12 பிள்ளைகளை வைத்து மொட்டை மாடியில் கம்மல் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு எந்தக் கணக்கிலும் வராது.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இந்த வகுப்புகளை நடத்துபவர்களில் பலர் வீட்டிலிருந்தபடி சின்னதாக ஒரு வருமானம் தேடும் பெண்கள். தானே கற்று, தானே பொருள் வாங்கி, வரவேற்பறையில் பாய் விரித்துச் சொல்லித்தருபவர்கள். அவர்களைப் பதிவு, லைசென்ஸ் என்று அலையவிட்டால் அந்த வருமானமும் போகும். ஆனா பதிவு தேவையில்லை என்பதும் பாதுகாப்பு தேவையில்லை என்பதும் ஒன்றல்ல.

2025 ஏப்ரல் இறுதியில் மதுரையில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் கோடைகாலப் பயிற்சிக்குப் போன 4 வயதுச் சிறுமி, அந்த வளாகத்திலேயே இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரிழந்தார். ‘என்ன கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ்’ என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மாடியில் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், கழிப்பறைக்குப் பிள்ளையோடு யார் போவார்கள், வாசல் கதவு தெருவுக்குத் திறந்தபடி கிடக்கிறதா? இவற்றைப் பார்க்க பத்து நிமிடம் போதும்.

மணியில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது?

நிறையவே இருக்கிறது. முதல் ஆபத்து, விழுங்குவது. பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9873. ‘சிறு பாகம்’ எது என்று அளக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது. நகை வகுப்பில் கையாளும் மணி, கொக்கி, திருகு எல்லாமே இந்த உருளைக்குள் எளிதாக அடங்கிவிடும். கேம்ப்புக்கு வருவது 5 வயதுப் பிள்ளைதான். ஆனா அது வீட்டுக்குக் கொண்டுவரும் டப்பாவைத் திறப்பது பெரும்பாலும் 2 வயதுத் தம்பியோ தங்கையோதான்! காந்தக் கொக்கி வைத்த மாலை இன்னும் மோசம். இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடலையே துளைத்துவிடக்கூடும்.

இரண்டாவது ஆபத்து, கண்ணுக்குத் தெரியாதது. மலிவான உலோக டாலர்களிலும் பூச்சுகளிலும் ஈயமும் காட்மியமும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 4 வயதுச் சிறுவன் ஒருவனை வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் சாதாரண வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைக்கப்பட்டது. ஆனா அவன் விழுங்கியிருந்தது, ஒரு ஜோடி ஷூவோடு இலவசமாக வந்த பிரேஸ்லெட்டின் இதய வடிவ டாலர். அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஈயம். சிறுவன் பிழைக்கவில்லை. 2008-ல் அமெரிக்கா குழந்தைகளுக்கான பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2011 முதல் அங்கே வரம்பு 10 லட்சத்தில் 100 பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் நகைகளில் காட்மியம் எடையில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஈயத்தில் ‘இவ்வளவு இருந்தால் பரவாயில்லை’ என்று ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது முதலில் கைவைப்பது குழந்தையின் மூளை வளர்ச்சியில். விழுங்கத்தான் வேண்டும் என்பதில்லை. மணியை வாயில் கவ்விக்கொண்டு நூல் கோர்ப்பதும், கை கழுவாமல் ஸ்நாக்ஸ் சாப்பிடுவதும் தொடர்ந்தாலே ஈயம் உடலுக்குள் போக வழி கிடைத்துவிடும்.

இந்தியாவில் இதற்கு விதி இல்லையா?

பாதி இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ‘குழந்தைகளுக்கான ஜுவல்லரி கிட்’ என்று பொம்மைக் கடையில் விற்கும் பெட்டியில் அந்த முத்திரையைத் தேடலாம். ஆனா கேம்ப் நடத்துபவர்கள் பொதுவாக வாங்குவது மொத்த விலைக் கடையில் எடை போட்டு விற்கும் மணியை. அது பொம்மை என்று விற்கப்படுவதில்லை. பிளாஸ்டிக் கவரில் பேர் இருக்காது, தயாரிப்பாளர் முகவரி இருக்காது. டெரகோட்டாவுக்கு அடிக்கும் பெயிண்ட் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் லேபிள் உள்ள பெயிண்டைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

எந்த வயதுக்கு எது சரி?

* 5 முதல் 7 வயது: பெரிய மர மணி, காகித மணி, களிமண் உருட்டுவது. ஊசி வேண்டாம், முனையில் டேப் சுற்றிய நூல் போதும்.
* 8 முதல் 11 வயது: சில்க் த்ரெட் சுற்றுவது, குயிலிங், சின்ன மணி கோர்ப்பது. பசைக்கு ஃபெவிகால் போதும். இந்த வயதில் ஹாட் க்ளூ கன் தேவையில்லை. அதன் பசை 120 டிகிரியிலிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும், தோலில் ஒட்டினால் உடனே உதறவும் முடியாது.
* 12 வயதுக்கு மேல்: குறடு, கம்பி வளைப்பது, கொக்கி மாட்டுவது. கம்பி வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்காமலிருக்க கண்ணாடி அவசியம்.

இதில் ரெசினைச் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. எபாக்சி ரெசின் கெட்டியாவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வாழ்க்கை முழுக்கத் தொடரலாம். கையுறை, நல்ல காற்றோட்டம், அளவு பார்த்துக் கலக்கும் பொறுமை எல்லாம் வேண்டிய வேலை அது. ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிய அறையில் 15 பிள்ளைகளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை. மலிவான கம்மல் கொக்கிகளில் இருக்கும் நிக்கலால் காது அரித்துச் சிவந்துபோவதும் உண்டு. பிள்ளை தான் செய்த கம்மலை ஆசையாகப் போட்டுக்கொண்டு காதைச் சொறிந்தால், கழற்றிவிடுங்கள்.

பத்து நாளில் என்னதான் கற்றுக்கொள்ள முடியும்?

இங்கேதான் பல கேம்ப்கள் சறுக்குகின்றன. தினமும் ஒரு பொருளை முடித்தாக வேண்டும், அதைப் போட்டோ எடுத்து பெற்றோர் குரூப்பில் போட்டாக வேண்டும். போட்டோ வரவில்லை என்றால் ‘இன்னிக்கு ஒண்ணும் செய்யலையா மேம்?’ என்று நாமே கேட்கிறோம். அதனால் ரெடிமேட் வளையலில் நூல் பாதி சுற்றப்பட்டே வருகிறது, கல்லை டீச்சர் ஒட்டிவிடுகிறார், பிள்ளை கையில் பிடித்து போஸ் கொடுக்கிறது. ‘டெரகோட்டா’ என்ற பெயரில் சுடாத களிமண்ணைக் காயவைத்து வண்ணம் அடிப்பதும் நடக்கிறது. சூளையில் சுட்டால்தான் அது டெரகோட்டா. காய்வதற்கே நாள் பிடிக்கும், சுடும்போது நாலு உடையும். அப்படி உடைவதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

நல்ல வகுப்பைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கேள்வி: ‘மாலை பாதியில் மணி வரிசை தப்பாகிவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?’ அதை அவிழ்த்துத் திரும்பக் கோர்க்க நேரம் கொடுப்பேன் என்று பதில் வந்தால், அங்கே தைரியமாகச் சேர்க்கலாம்.

சொல்லித்தர விஷயம் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நொய்யல் கரையில் நடந்த அகழாய்வுகளில் மூலக் கல், பாதி முடித்த மணி, முழுதாக முடித்த மணி என்று மணி செய்யும் வேலையின் ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய் அங்குள்ள மணிகளைக் காட்டினால், பத்து நாள் வகுப்பைவிட அதிகமாகவே மனதில் நிற்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகை வகுப்பு போஸ்டரில் பெண் குழந்தை, ரோபோடிக்ஸ் போஸ்டரில் பையன். ஆனா நம்ம ஊர் நகைப் பட்டறைகளில் உட்கார்ந்து வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள்! விரல் நுனியில் பொறுமை பழகுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

பிள்ளைகள் செய்ததை விற்கலாமா?

கடைசி நாளில் ஸ்டால் போட்டு, பிள்ளைகள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்று, கிடைத்த காசைத் தாங்களே எண்ணுவது நல்ல அனுபவம். அதே நேரம், கேம்ப் நடத்துபவர் வெளியே ஆர்டர் எடுத்து, வகுப்பு என்ற பெயரில் பிள்ளைகளைக் கொண்டு முடித்துக் கொடுத்தால் கதை வேறு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. விதிவிலக்கு, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், சில நிபந்தனைகளோடு குழந்தைக் கலைஞர்களுக்கும்தான். ஒரே டிசைனில் 50 வளையல் என்று பிள்ளை சொன்னால், யாருக்காக என்று கேளுங்கள்.

பிரச்னை வந்தால் யாரிடம் போவது?

சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்பும் ஒரு சேவைதான். ரசீது தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோடு நிற்காமல், என்ன வகுப்பு, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். போஸ்டரையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டதாகத் தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மணியோ காந்தமோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை, இல்லையென்றால் 108.

கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால்?

அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இயங்குகின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பொது நூலகங்கள் கோடையில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. எதுவும் பக்கத்தில் இல்லையா? பழைய காலண்டர் தாளை நீள முக்கோணமாக வெட்டி, துடைப்பக் குச்சியில் சுற்றி, பசை தடவி உருவினால் காகித மணி தயார். ஈயமும் இல்லை, ஃபீஸும் இல்லை.

கேம்ப்பே வேண்டாம் என்பதல்ல விஷயம். நல்லபடியாக நடத்துகிற டீச்சருக்கு இந்தக் கேள்விகளால் எந்தச் சங்கடமும் வராது, ‘வந்து பாருங்க’ என்று அவரே கூப்பிடுவார். ‘அதெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க?’ என்று பதில் வருகிற இடத்தில் மட்டும், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.