டயாலிசிஸ் கதிரையே வகுப்பறையாகட்டும்

டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். வாரத்துக்கு 3 தடவை கிடைத்தாலும் 12 மணி நேரம்தான். மிச்சமுள்ள 156 மணி நேரமும் நோயாளி வீட்டில், தன் கையில். அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்று கற்பிப்பதும் சிகிச்சைதான். அதை நேரம் கிடைத்தால் செய்யும் உபகாரமாக நினைப்பது தவறு.

1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவையும் விட்டுவைக்கவில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எல்லா ஊர்களிலும் உண்டு. பொலன்னறுவையில் 2021இல் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது, நல்லது. ஆனால் இரணைமடுக் கமக்காரருக்கு அன்றாடம் வேண்டிய அறிவு இன்னும் அருகில் வரவேண்டும்.

வட மாகாணத்தின் மிகப்பெரிய குளமான இரணைமடுவின் அருகே வாழ்ந்துகொண்டு, குடிக்கும் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது. பலருக்கு விதிக்கப்படும் அளவு, முதல்நாள் போன சிறுநீரின் அளவோடு இன்னும் அரை லீற்றர். தேநீர், கஞ்சி, சொதி எல்லாம் அதற்குள் அடக்கம். வயலால் வந்தவருக்கு “தண்ணியைக் குறையுங்கோ” என்ற ஒற்றை வரி போதாது. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், கருவாடு தாகத்தைக் கூட்டும், இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சமைக்கும் மனைவியோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது சொல்வது இன்னும் நல்லது.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டியுலா (இரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் அதிர்வு தெரிந்தால் இரத்தம் ஓடுகிறது. அதிர்வு நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அடுத்த கிளினிக் வரை பொறுக்கக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ விடக் கூடாது, நெல்மூட்டையும் தூக்கக் கூடாது.

களைப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். டயாலிசிஸ் ஆய்வுகள் எதைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நோயாளிகளும் வைத்தியர்களும் சேர்ந்து தீர்மானித்த சர்வதேச முயற்சியில், மரணம், இதயநோய், ஃபிஸ்டியுலா போன்ற இரத்தக்குழாய் வழி ஆகியவற்றோடு களைப்பும் இடம்பிடித்தது. நித்திரையும் களைப்பும் கிளினிக் கொப்பியில் ஏற வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மற்ற வழிகளையும் முதல் ஊசி ஏறும் முன்பே விளக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவுக்கும், தமிழில் விளக்கக்கூடிய, இதற்கெனப் பயிற்சி பெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்கட்டும். அந்த 4 மணி நேரத்தில் அரை மணி நேரத்தை அவரிடம் ஒப்படைக்கட்டும். நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்து எழுதிய உணவுத் தாளொன்றை ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் கொடுத்தனுப்பட்டும்.