எந்தக் கருவியில் எடுத்த படம்?

நம் பகுதி யுவியைடிஸ் நோயாளிகள் ஒரே மருத்துவமனையில் நிற்பதில்லை. சித்தூரில் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பார்கள், சரியாகவில்லையென்றால் திருப்பதி, இல்லாவிட்டால் எல்லை தாண்டி வேலூர், அதற்கும் மேல் சென்னை. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தும் இந்தப் போக்குவரத்து மாறவில்லை. வெளிநோயாளர் பிரிவில் மேசைமேல் வைக்கும் பிளாஸ்டிக் பையில் மங்கிப்போன ஓசிடி பிரிண்ட் நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் எடுத்தது.

1991-இல் ஓசிடி அறிமுகமானபோது, யுவியைடிஸுக்கு அது இவ்வளவு உதவும் என்று பலரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம். மாகுலா வீக்கத்தை மைக்ரான் கணக்கில் காட்டிவிடுகிறது. சிக்கலும் அந்த மைக்ரானில்தான். சிரஸ் கருவியில் மையத் தடிமன் 265. அடுத்த மாதம் வேறு ஊரில் ஸ்பெக்ட்ராலிஸில் 285. வீக்கம் திரும்பிவிட்டதென்று பிரெட்னிசலோனை ஏற்றிவிடலாமா? கூடாது. விழித்திரையின் வெளி எல்லையை எல்லாக் கருவிகளும் ஒரே இடத்தில் குறிப்பதில்லை. பழைய ஸ்ட்ரேட்டஸ் ஒளியேற்பிச் செல்களின் மட்டத்திலேயே நின்றுவிடும். ஸ்பெக்ட்ராலிஸ் புரூக் சவ்வு வரை போகும். அதனால் ஒரே கண்ணிலேயே இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 70 மைக்ரான் வித்தியாசம் வரும். எண்ணை நம்புவதற்கு முன் குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்து, கருவி போட்ட கோடு சரியான அடுக்கில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் கோத்த மாகுலாவில் அந்தக் கோடு அடிக்கடி தடம் புரளும்.

வோக்ட்-கொயனாகி-ஹராடா நோயில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2008-இல் வந்த இடிஐ (ஆழப் படிம) ஓசிடி முறையால் கோராய்டின் தடிமனை அளக்க முடிகிறது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வரும்போது, முன்னறையில் செல் எதுவும் தெரியாத நிலையிலும் கோராய்டு மறுபடி தடித்தால் அது எச்சரிக்கை. ஆனால் கோராய்டு காலையில் தடித்தும் மாலையில் மெலிந்தும் இருப்பது இயல்பே. குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவருக்குக் காலை ஒன்பது மணிக்கும், அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பிறகும் ஸ்கேன் எடுத்துவிட்டு, வித்தியாசத்தை நோயின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

காசநோய் சார்ந்த செர்பிஜினஸ் வகைக் கோராய்டிடிஸில் ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் கைகொடுக்கும். தீவிரமாக இருக்கும்போது ஓரம் மங்கலாக ஒளிரும், ஆற ஆற இருண்டு எல்லை கூர்மையாகும். காசநோய் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் புண் பரவுவதுபோல் தோன்றினால், மருந்து தோற்றதா, வெறும் முரண் எதிர்வினையா என்ற குழப்பத்தில் வரிசைப் படங்கள் நல்ல துணை. முதல் நாள் படம் இல்லையென்றால் வரிசையே இல்லை.

சாயத்தை முற்றிலும் கைவிடலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஓசிடி ஆஞ்சியோ ஓடும் ரத்தத்தைக் காட்டும், கசிவைக் காட்டாது. விழித்திரை ரத்தநாள அழற்சியில், அதிலும் விளிம்புப் பகுதியில், ஃப்ளோரசினை விட்டால் இன்றும் வேறு வழி குறைவு.

அனுப்புச் சீட்டில் கருவியின் பெயர், ஸ்கேன் வகை, எடுத்த நேரம், அன்றைய ஸ்டீராய்டு அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். முடிந்தால் பிரிண்டுக்குப் பதில் மூலக் கோப்பையே பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள்.