மேய்க்கிறதுக்குத் தரை எங்க சேர்?

"படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்."

பள்ளிக்கூடத்தில் இந்த வசனம் கேட்காத பிள்ளை கல்முனைப் பக்கம் இருக்காது. வகுப்பே சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிச்சிருக்கோம். சுபஹுக்கு முந்தியே எழும்பி, வாப்பாவோட பால் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டி, வீடு வீடாக அளந்து ஊத்திப்போட்டு வந்த அதே பிள்ளைகள்தான் நாங்கள். அந்தப் பால் காசுதான் எங்கட டியூஷன் காசு. இன்றைக்குக் கலைப்பீடத்தில் இருந்து இதை எழுதுறதும் அதால்தான்.

நம்மட ஊருக்கு மாடு எண்டா குர்பான், கல்யாணச் சோறு. பால் எண்டா பால்மா. 2022 மார்ச்சில் 400 கிராம் பெக்கட் 790 ரூபா ஆனபோதுதான் பலபேருக்குப் பக்கத்து வீட்டு மாடு ஞாபகம் வந்தது. பால்மா திரும்ப வந்ததும் மறந்தாச்சு.

"மாட்டைத் தெருவில் விடுறானுகள், கட்டி வளக்கேலாதா?" எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. எங்க கட்டுற? கடலுக்கும் வட்டைக்கும் நடுவில் மதிலோட மதில் முட்டுற ஊர் இது. பெரும்போகம் விதைச்சா மாட்டை மேட்டுக்கும் காட்டோரத்துக்கும் சாய்க்கணும். அறுவடை முடிஞ்சாத்தான் திரும்பி வந்து வயலில் மேயலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணி சிறுபோகத்தையும் விளைய வைத்தது, நல்லது. ஆனால் ரெண்டு போகமும் விதைச்சா மாடு எங்க நிக்கிற? அந்தக் கணக்கு இன்னும் தீரல்ல.

2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினபோது நாங்களும் பேஸ்புக்கில் பகிர்ந்தோம். சரிதான். ஆனால் நம்மட மாவட்டத்து வட்டமடுவைப் பற்றி ஏன் வாயே திறக்கல்ல? அங்க வேளாண்மைக்காரர் பெரும்பாலும் நம்மட ஆக்கள், மேய்ச்சல்காரர் பெரும்பாலும் தமிழ் ஆக்கள். அதுதானே காரணம்? வேளாண்மைக்காரரும் பெர்மிட் இருக்கெண்டுதான் சொல்றாங்க. அவர்கள் பசியும் பொய்யில்லை. ஆனால் மேய்ச்சல் தரை எங்கட பக்கம் போனால் அநியாயம், மற்றப் பக்கம் போனால் அபிவிருத்தி எண்டு ரெண்டு நாக்கில் பேசேலாது. மாட்டுக்கு இனம் இல்லை, புல்லுக்கும் இல்லை.

நாங்கள் கேட்கிறது பெரிசு இல்லை. மேய்ச்சல் தரைக்கு எல்லை போடுங்க. போட்ட எல்லையைக் காப்பாத்துங்க. வேளாண்மைக்காரரையும் மாட்டுக்காரரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுங்க, தேர்தலுக்கு முந்தின கிழமை மட்டும் இல்லாமல்.

எங்கட வாப்பாட பட்டியில் முந்தி நாப்பது மாடு. இப்ப பதினொண்டு. காக்கா கட்டாரில். அவர் படிக்காமல் போகல்ல, மேய்க்க இடமில்லாமல் போனார்.

இனி வகுப்பில் ஆராவது "மாடு மேய்க்கப் போ" எண்டு சொன்னா, தம்பி தங்கச்சிமாரே, சிரிக்காதீங்க. எழும்பிக் கேளுங்க: "போறன் சேர். தரை எங்க?"