சராசரி உயர்ந்தது, ஆட்கள் எங்கே?

சனிக்கிழமை காலையில் நான் நீந்தப் போகும் குளத்தை வடிவமைத்தவர் ஸஹா ஹதீத். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீந்திய குளம் அது. ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருக்கும் எனக்கு பஸ் ஏறினால் வந்துவிடும். ஊரிலிருந்து வரும் நண்பர்களைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன். ஆனாலும் விளையாட்டால் கிழக்கு லண்டனுக்கு மறுவாழ்வு கிடைத்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பூங்கா இருக்கும் இடம் முன்பு வெறும் பாழ்நிலம் என்பார்கள். பாதி உண்மை. நஞ்சேறிய தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்தது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கிளேஸ் லேன் என்றொரு குடியிருப்பும் இருந்தது. தனியாள்களுக்காகக் கட்டப்பட்டது, குடியிருந்தவர்களே கூட்டுறவாக நடத்தியது. 400க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கட்டாயக் கையகப்படுத்தல் உத்தரவு வந்தது. 2007இல் காலி செய்தார்கள்.

விளையாட்டு வீரர்களுக்காக அரசுப் பணத்தில் கட்டிய கிராமத்தில் 2,818 வீடுகள். அதில் 1,379 வீடுகள் 'கட்டுப்படியாகும்' கணக்கு. அவற்றிலும் ஏறக்குறைய பாதிதான் ஏழைகளுக்கான சமூக வாடகை வீடுகள். மற்றவை பங்கு உரிமை, சந்தை வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி என்று போயின. எஞ்சிய வீடுகளை 2011இல் கத்தார் அரசின் நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து வாங்கின. 557 மில்லியன் பவுண்டு ஒப்பந்தம்.

பூங்காவை ஒட்டியே கார்ப்பெண்டர்ஸ் எஸ்டேட். இடிக்கப்போகிறோம் என்று கவுன்சில் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே டவர் பிளாக்கின் உச்சியிலிருந்துதான் பிபிசி ஒலிம்பிக்கை ஒளிபரப்பியது. அடுத்த வருடம் ஸ்ட்ராட்ஃபோர்ட் விடுதி ஒன்றிலிருந்த 29 இளம் தாய்மாருக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். வீடு வேண்டுமா, பர்மிங்காம் போ, மான்செஸ்டர் போ என்றார்கள். கைக்குழந்தையோடு! 2014 செப்டம்பரில், கார்ப்பெண்டர்ஸில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள் அந்தப் பெண்கள். அதன்பிறகுதான் லண்டன் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

கவுன்சிலிடம் பணமில்லை என்பது வழக்கமான பதில். மைதானத்தைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்ற 323 மில்லியன் பவுண்டு ஆனது. வெஸ்ட்ஹாம் கிளப் அதற்குக் கொடுத்தது 15 மில்லியன். வருட வாடகை தொடக்கத்தில் சுமார் இரண்டரை மில்லியன், 99 வருடக் குத்தகை. மிச்சத்துக்கு மட்டும் பொதுப்பணம் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"ஊர் வளர்ந்தா வாடகை ஏறத்தானே செய்யும்?" என்று என்னோடு வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். வாடகை என்ன மழையா, தானாகப் பெய்வதற்கு? சட்டத்தைக் காட்டி நிலத்தை எடுத்தது அரசு. வீட்டைக் கட்டியதும் அரசு. யார் குடியிருக்கலாம் என்று எழுதும் பேனா அதன் கையில்தான் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் சந்தையிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

2009இல் ஒரு வாக்குறுதி தந்தார்கள்: ஒலிம்பிக் நடக்கும் ஐந்து வட்டாரங்களின் மக்களும் 20 வருடத்தில் மற்ற லண்டன்வாசிகளின் நிலையை எட்டுவார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். இதிலுள்ள ஓட்டை எனக்குத் தெரியும். டேட்டாபேஸில் ஏழைகளின் வரிசைகளை அழித்து, நல்ல சம்பளக்காரர்களின் வரிசைகளைச் சேருங்கள். யாருடைய வாழ்க்கையும் மாறாமலே சராசரி உயரும். டேஷ்போர்டு பச்சையாகிவிடும்.

எனவே வட்டாரத்தை அளக்காதீர்கள், ஆட்களை அளங்கள். கிளேஸ் லேனிலிருந்து போனவர்கள் இன்று எந்த வீட்டில், என்ன வாடகையில் இருக்கிறார்கள்? அந்த 29 தாய்மாரின் பிள்ளைகள் எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லாத எந்த அறிக்கையும் மறுவாழ்வைப் பற்றியது இல்லை. அது நிலத்தின் விலையைப் பற்றியது.

நியூஹாமின் சராசரி வருமானம் ஏறியதாக அடுத்த முறை செய்தி வந்தால், அதில் என் சம்பளமும் இருக்கும். இந்த வட்டாரம் என்னை முன்னேற்றவில்லை. நான் சம்பளத்தோடுதான் இங்கே வந்தேன்.