துப்பாக்கியை விற்காதீர்கள், இரவல் கொடுங்கள்

கொஞ்சம் காரமாகவே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் மசில்லோடர் சுடுகிற பெரியவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், "இந்தக் காலத்துப் பசங்க வரவே மாட்டேங்கிறாங்க" என்று புலம்பல் தொடங்கிவிடும். காரணமும் தயாராக வைத்திருப்பார்கள். செல்போன், வீடியோ கேம், பொறுமை கிடையாது, இத்யாதி. நான் இங்கே படிக்க வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பசங்க வராததற்குக் காரணம் பசங்க இல்லை சாமி. வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் நீங்கள்தான்.

மசில்லோடர்னா என்னடா என்று கேட்கப்போகும் என் வகுப்பு மக்களுக்காக: குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய காலத்துத் துப்பாக்கி. நம்மூர் பேப்பரில் 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்று வருமே, பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். பள்ளிக்கூடத்தில் 1857 சிப்பாய்க் கலகம் படித்தபோது, கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்தார்கள் என்று மனப்பாடம் செய்தோம் அல்லவா? ஏன் தோட்டாவைக் கடிக்க வேண்டும் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அந்த என்ஃபீல்டு துப்பாக்கி ஒரு மசில்லோடர். காகிதப் பொட்டலத்தைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டை வைத்துக் கோலால் இடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவை சுடுவதற்கும் இத்தனை கூத்து.

இதை விளையாட்டாகச் செய்கிறவர்களுக்கு அமெரிக்காவில் 1933லிருந்தே ஒரு தேசிய சங்கம் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு குட்டி ஊர். வருஷத்துக்கு இரண்டு தடவை தேசியப் போட்டி அங்கேதான். 1970களில் இந்த விளையாட்டுக்கு நல்ல கூட்டம் சேர்ந்தது. 1972ல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'ஜெரமையா ஜான்சன்' படம், 1976ல் நாடு சுதந்திரம் பெற்ற 200வது ஆண்டுக் கொண்டாட்டம், எல்லாம் சேர்ந்து ஒரு காய்ச்சல். அன்றைக்கு இருபது வயதில் வந்தவர்களுக்கு இப்போது எழுபது. நான் பார்த்த மைதானங்களில் வரிசையில் நிற்பது முக்கால்வாசி அவர்களேதான். இவர்கள் கை ஓய்ந்தால், சக்கிமுக்கிக் கல்லைச் சரியான கோணத்தில் பொருத்தி நூறு தடவை தட்டினால் நூறு தடவையும் தீப்பொறி விழ வைக்கும் அந்தக் கைப்பக்குவமும் போய்விடும். அது புத்தகத்தில் கிடைக்கிற சரக்கு இல்லை.

இதற்குத் துப்பாக்கிக் கம்பெனிகள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "சுலபமாக்கு, பசங்க தானா வருவாங்க." 1985ல் டோனி நைட் என்பவர் எம்கே-85 என்று ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். பழையதில் பொறி பக்கவாட்டில் விழும். இதில் மருந்துக்கு நேர் பின்னாலேயே வெடிக்கும். இந்த வகைக்கு இன்லைன் என்று பெயர். அதன்பிறகு மருந்தை அளந்து கொட்ட வேண்டாம், மாத்திரை மாதிரி வில்லை வந்தது. தொலைநோக்கி மாட்டினார்கள். 2020ல் உச்சகட்டம்: மருந்தை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்துப் பின்பக்கமாகச் செருகும் முறை. குண்டு மட்டும் வாய் வழியாகப் போகும். இதற்கும் பெயர் மசில்லோடராம்! கழுத்தில் தாலி மட்டும் கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்தது என்கிற கதை.

இதையெல்லாம் யார் வாங்கினார்கள்? மான் வேட்டைக்காரர்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மசில்லோடருக்கென்று தனி வேட்டைக் காலம் உண்டு. காட்டில் கூடுதலாகச் சில நாள் கிடைக்கும். அதற்காக வாங்கி, வருஷத்துக்குப் பத்து குண்டு சுட்டுப் பார்த்து, ஒரு மானை அடித்து, மறுபடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வாங்கியது காலண்டரில் நாலு நாள், விளையாட்டை இல்லை. சனிக்கிழமை காலை போட்டிக்கு அவர்களில் யாரும் வரப்போவதில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு மான் வேட்டைக் காலம். கல் தட்டும் துப்பாக்கி மட்டுமே அனுமதி, தொலைநோக்கி கிடையாது. 1974லிருந்து நடக்கிறது. பனியில் மருந்து நனைந்து 'புஸ்'ஸென்று போகும், மான் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போகும். அதற்கும் அடுத்த வருஷம் வருகிறார்கள். ஏன்? கஷ்டம்தான் ருசி.

பசங்களுக்கு இது புரியாது என்றா நினைக்கிறீர்கள்? எல்லாப் பாட்டும் பாக்கெட்டில் சும்மா கிடைக்கிற காலத்தில், 2022ல் அமெரிக்காவில் சிடியைவிட இசைத்தட்டு அதிகமாக விற்றது. 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என் அறைத் தோழன் பிலிம் கேமரா வாங்கி, 36 படத்துக்கு ஒரு வாரம் யோசித்து யோசித்து எடுக்கிறான். இன்னொருத்தன் காபிக்கொட்டையைக் கையால் அரைக்கிறான். (நம்ம பாட்டிகள் செய்ததுதான், அவனிடம் சொன்னால் கோபம் வரும் :-)) இவர்களுக்குப் போய்ப் பிளாஸ்டிக் குப்பியை நீட்டுகிறீர்களே! அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றி, கோலால் இறக்கி, ஒரே ஒரு வெடி, ஒரு வண்டி புகை. அவர்கள் தேடுவதே இதைத்தான். ஒஹாயோவில் ஜிம் கிப்ளர் என்பவர் கணினி எந்திரத்தில் துல்லியமாக வெட்டிய பாகங்களை விற்கிறார். வாங்கி வீட்டிலேயே 18ம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஒன்றை நீங்களே சேர்த்து முடிக்கலாம். எந்திரவியல் படிக்கும் ஒருத்தனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கவில்லை.

அப்புறம் எங்கே சிக்கல்? முதல் சிக்கல் மருந்தில். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10, அவ்வளவுதான். (அந்த வெடியுப்பை ஒருகாலத்தில் பீகாரிலிருந்துதான் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.) ஆனால் அது சட்டப்படி வெடிபொருள், சேமித்து வைக்க ஏகப்பட்ட விதிமுறை. அதனால் பெரிய கடைகள் பலவும் மாற்று மருந்துதான் வைத்திருக்கும். மாற்று மருந்து பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும். கல்லில் விழும் சின்னப் பொறிக்கு அது ஒழுங்காக மசியாது. ஆசைப்பட்டு ஒரு பையன் கல் துப்பாக்கி வாங்குவான், கடையில் கொடுத்த மருந்தைப் போடுவான், தட்டுவான், ஒன்றும் ஆகாது. பத்துத் தடவை தட்டிவிட்டு விற்றுவிடுவான். லூசியானாவில் மிண்டன் ஊரிலிருந்த கோயெக்ஸ் கருமருந்து ஆலையை மூடப்போவதாக 2021ல் அறிவித்ததும் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கிடைத்த டப்பாவையெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். 2022ல் எஸ்டெஸ் கம்பெனி அந்த ஆலையை வாங்கியதால் பிழைத்தது. அந்த இடைவெளியில் புதிதாக வந்தவனுக்கு ஒரு டப்பா பிரித்துக் கொடுத்த புண்ணியவான் எத்தனை பேர்?

இரண்டாவது சிக்கல் வேஷம். சில போட்டிகளுக்கும் முகாம்களுக்கும் 1840க்கு முந்தைய உடையில்தான் போகவேண்டும். மான்தோல் சட்டை, கையால் தைத்த காலணி, கித்தான் கூடாரம். துப்பாக்கி விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள், ஒரு மாணவனின் செமஸ்டர் செலவு வந்துவிடும். ஒரு கிளப்புக்கு நான் போனபோது ஜீன்ஸும் டிஷர்ட்டும்தான் போட்டிருந்தேன். அன்றைக்கு உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஆனாலும் தொப்பி வைத்த ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு "நீ எந்த நூற்றாண்டு தம்பி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உலக அளவிலான போட்டி 1971லிருந்து நடக்கிறது, அங்கே மான்தோல் எதுவும் வேண்டாம். 30 நிமிடம், 13 குண்டு, அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. சட்டையை யார் பார்க்கிறார்கள்? வேஷம் பிடித்தவர்கள் போடட்டும், அழகாகத்தான் இருக்கிறது. அதையே நுழைவுச் சீட்டாக ஆக்காதீர்கள்.

அதே மைதானத்தில் இன்னொரு தாத்தா ஒன்றும் பேசாமல் தன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். தீபாவளிக் கேப்புக்கு அண்ணன் மாதிரி ஒரு செப்புத் தொப்பியை மாட்டிச் சுடும் வகை. எவ்வளவு மருந்து, எங்கே கை வைக்கக்கூடாது, குழலுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது, மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டக்கூடாது, அளவையில் ஊற்றித்தான் கொட்டவேண்டும். (உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பு மொத்தமும் கையிலேயே வெடிக்கும்.) ஐந்து குண்டு சுட்டேன், இரண்டு அட்டையில் பட்டது. அடுத்த சனிக்கிழமையும் போனேன். தொப்பிக்காரருக்காகவா போனேன்?

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் கேட்பீர்கள்: துப்பாக்கியால் இத்தனை பேர் சாகிற நாட்டில், இளசுகள் கையில் இன்னொரு துப்பாக்கி எதற்கு? நியாயமான கேள்வி. மெதுவாகச் சுடுவதும் கொல்லும், அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இரவல் என்கிறேன். துப்பாக்கி கிளப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும், ஹாஸ்டலில் இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டு, ஒவ்வொரு படியும் கண் முன்னால். 4-எச் இளைஞர் அமைப்பு இதைத் தனிப் பிரிவாகவே கற்றுக்கொடுக்கிறது. சாரணர்களின் ரைபிள் பதக்கத்திலும் மசில்லோடர் ஒரு தேர்வு. ஆக, பதினாலு வயதில் கற்றுக்கொண்டவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பதினெட்டில் அவர்கள் காலேஜுக்குப் போனதும் தேடிக் கூப்பிட ஆள் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு "வரமாட்டேங்கிறாங்க" என்றால் எப்படி வருவார்கள்?

பெரியவர்களே, அலமாரியில் ஏழெட்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டை கிளப்புக்குக் கொடுங்கள். மருந்தும் கிளப் செலவு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் காலேஜின் எந்திரவியல் துறையிலும் வரலாற்றுத் துறையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஷூவும் கண்ணாடியும் காதடைப்பானும் போதும், மான்தோல் வேண்டாம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். சுட்டு முடித்ததும் "நீ கிளம்பு தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கருமருந்துக் கசடை அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும், அழுகின முட்டை நாற்றம் வேறு. அந்த வாளியையும் துணியையும் முதல் நாளே அவன் கையில் கொடுங்கள்.